சாம்பலுக்குக் கம்பு இல்லை

கடிதத்தில் 'முறையான உடை' என்று இருந்தது.
நிறம் போடவில்லை.

ஒன்பது வருடம் எனக்கு நிறத்தை
மற்றவர்கள்தான் சொல்லித் தந்தார்கள்.
சிவப்புத் தலைக் கம்பு: இதற்கு அப்பால் கால் வைக்காதே.
வெள்ளைத் தலை: நடக்கலாம்.
மஞ்சள்: இந்த இடத்தில் ஒன்று எடுத்தோம்.
முகமாலை மணலில் முழங்காலில் நின்று
சில நாள் ஒரு பாயின் நீளம்கூட நகரமாட்டேன்.
இப்போது திட்டத்துக்குக் காசு முடிந்துவிட்டது.
கண்ணிகள் முடிந்தனவா, யாரும் சொல்லவில்லை.
கிளிநொச்சியில் ஒரு லீசிங் கொம்பனி,
கடன் அறவிடும் பிரிவு,
மே இருபது, காலை ஒன்பதரை.

இருக்கிற எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன்.
விசுவமடுவில் கரண்ட் இல்லாத பின்னேரம்.
சுகிர்தமலர், அவளும் என் அணிதான்,
அடுத்த ஒழுங்கையில் இருபத்தைந்து மீற்றர் தள்ளிக்
குனிந்திருந்தவள்,
பிளேன்டீயோடு வந்து
வாசலிலேயே தீர்ப்புச் சொன்னாள்:
"சிவப்புச் சேலையைக் கட்டாதை.
எனக்கே கிட்ட வரப் பயமாக் கிடக்கு."

பச்சை?
பச்சையில் எத்தனை பச்சை என்று
இந்த றோட்டுக்குத் தெரியும். மடித்து வைத்தேன்.

கறுப்பு?
மே மாதத்தில் கறுப்பு உடுத்தால்
யாருக்காக என்று கேட்பார்கள்.
சொல்ல எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.
அது லீசிங் கொம்பனிக்கான பதில் இல்லை.

கடைசியில் ஸ்காபரோப் பார்சல்.
மச்சாள் அனுப்பிய கோட்டும் காற்சட்டையும்.
மழை இருட்டுக்குள் இரணைமடுத் தண்ணீர் போல
ஒரு சாம்பல்.
உள்பையில் யாரோ கிழித்த பஸ் துண்டு,
நெஞ்சில் பெயர்த்தகடு குத்திய இரண்டு ஓட்டை.
அவளும் இதைப் போட்டுக்கொண்டு
எங்கேயோ ஒரு கதவுக்கு வெளியே
கைவிரலை எண்ணியிருப்பாள்.
தோளில் கனமே இல்லை.
வெடி தாங்கும் அங்கி சுமந்த தோளுக்கு
இது ஒரு துவாய்.

"சாம்பலுக்கு எங்களிட்டக் கம்பு இல்லை" என்றாள் மலர்.
"அப்ப என்ன அர்த்தம்?"
"இன்னும் ஒருத்தரும் பாக்காத காணி."

பொருந்துகிறதா என்று பார்க்கக் குனிந்தேன்.
எந்த உடுப்பையும் நான் அப்படித்தான் பார்ப்பது,
முழங்கால் ஊன்றி, வலக்கை நீட்டி,
இடமிருந்து வலமாக, மெல்ல.
டர்ரென்று காற்சட்டை
பின்பக்கம் முழுதாய்ப் பிரிந்தது.
ஒன்பது வருடத்தில் நாங்கள் கேட்ட
மிகச் சின்ன வெடி.
மலர் சிரித்துச் சிரித்து
மஞ்சள் சேலையில் தேத்தண்ணியை ஊற்றினாள்.
ஆக, மஞ்சளும் போயிற்று.

கோட்டுக்குக் கீழே அவளுடைய கடும் நீலப் பாவாடை.
பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் அவள் உடுப்பது.
இடுப்பில் இரண்டு ஊசி.

தருமபுரம் வருமுன்னே வேர்த்துக் கோட்டைக் கழற்றினேன்.
மடியில் கிடந்ததைத் தடவிப் பார்த்துப்
பக்கத்தில் இருந்த பெடியன் கேட்டான்,
"மிஸ், நீங்கள் பாங்கோ?"
ஓம் என்றேன்.
பரந்தன் சந்தி வரைக்கும் நான் பாங்க்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.
நடுவில் இருந்தவர்
சிவப்பு டை கட்டியிருந்தார்.

கதவடியில் நின்றுவிட்டேன்.
"உள்ளுக்கு வாங்கோ" என்றார்.
நான் கீழே பார்த்தேன்.
டைல்ஸ். வெள்ளை. மூலையில் ஒன்று வெடித்திருந்தது.
அதை மட்டும் விலத்திப் போய்
கதிரையை இழுத்தேன்.
சத்தம் கொஞ்சம் கூடத்தான்.